கிளினிக்கல் டிரையலை நோயாளியின் ஊருக்கே கொண்டுபோவது எப்படி?

கிராமத்துப் புற்றுநோயாளிகள் கிளினிக்கல் டிரையலில், அதாவது புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வில், குறைவாக இருப்பதற்கு அவர்களுடைய தயக்கத்தைக் காரணம் சொல்வது வழக்கம். உண்மையில் பலரிடம் யாரும் கேட்பதே இல்லை. கேட்டாலும், பயணமும் தகுதி விதிகளும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

முதலில் ஆய்வுத் திட்டத்தின் வருகை அட்டவணையை எடுங்கள். ஒவ்வொரு வருகைக்கும், நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டுமா என்று பாருங்கள். பயாப்ஸிக்கும் (திசு எடுத்துச் சோதிப்பது), நரம்பு வழியே ஏற்றும் மருந்தின் முதல் டோஸுக்கும் வரத்தான் வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனை, பக்கவிளைவு விசாரிப்பு, மாத்திரை விநியோகம் ஆகியவற்றை உள்ளூர் மருத்துவர், வீடியோ அழைப்பு, கூரியர் மூலம் முடிக்கலாம். இவை திட்டத்தில் எழுதப்பட்டு, நெறிமுறைக் குழு (பங்கேற்பாளர் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு) ஒப்புதல் தந்த பிறகே தொடங்க வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் விதிமீறல்தான்.

உள்ளூர் ஆய்வகங்களின் இயல்பளவுகளையும் அலகுகளையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; இல்லையேல் பிறகு எந்த அளவையும் ஒப்பிட முடியாது. சிடி ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டின் தடிமனும் 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் 10 மி.மீ. கட்டியை அளவிடத்தக்கதாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

தகுதி விதிகளை வரிவரியாகக் கேள்வி கேளுங்கள். நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 1,500 இருக்க வேண்டும் என்பது சாதாரண விதியாகத் தோன்றும். ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி-நல் என்ற மரபியல்பால் அந்த எண்ணிக்கை பிறவியிலேயே குறைவு. இந்தக் குறைவால் அவர்களுக்குத் தொற்று அபாயம் கூடுவதில்லை. அந்த ஒரு வரியே பங்கேற்கத் தடையில்லாதவர்களையும் ஒதுக்கிவிடும்.

பயணச் செலவை, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து, முன்பணமாகக் கொடுங்கள். ரசீது அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் ஏற்பாடு, கையில் காசில்லாதவரை முதலில் வெளியேற்றும்.

ஒப்புதல் படிவத்தை விளக்கியதும், "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். புரிந்ததை அவர் வார்த்தைகளிலேயே சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் விளக்கம் முடியும்வரை உடனிருந்து சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

கடைசியாக, சட்டைப்பையில் அடங்கும் அட்டை ஒன்று: மருந்தின் பெயர், 24 மணி நேர தொலைபேசி எண். இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவருக்கு நள்ளிரவில் வரும் வயிற்றுப்போக்கைச் சிறிய மருத்துவமனை கிருமித்தொற்று என்றே நினைக்கும். அது அந்தச் சிகிச்சையால் வந்த குடல் அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு தேவைப்படலாம். ஆகவே சிகிச்சையை முடிவு செய்யும் முன் இந்த எண்ணை அழைக்கவும் என்று அட்டையிலேயே அச்சிடுங்கள்.