மரப் பியோனியில் கத்தரி வைப்பதற்கு முன்

அக்டோபர் பிறந்தால் போதும், இங்கே இங்கிலாந்தில் எனக்கு மரப் பியோனி என்ற பூச்செடியின் போட்டோக்கள் வர ஆரம்பித்துவிடும். “அண்ணா, இலையெல்லாம் கருகிப்போச்சு, செடி செத்துப்போச்சா?” சாகவில்லை. இலையுதிர்க்கும் செடி, உதிர்க்கிறது. அடுத்த கேள்விதான் பயமுறுத்தும்: “அப்போ வெட்டிவிட்டுடலாமா?” ஆரம்பத்தில் எனக்கும் கை அரித்ததுதான். தண்ணீர் விட மறப்பது, களை எடுக்காமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். இந்தச் செடியை வெட்டுவதிலும் நடுவதிலும் பலர் செய்யும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குளிருக்கு முன் தரையோடு வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சாதாரணப் பியோனி குளிரில் தரைக்கு மேலே முழுக்க மடிந்துவிடும். வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி முளைக்கும். அதை ஒட்ட வெட்டுவதுதான் சரி. மரப் பியோனி அப்படி இல்லை. பெயரில்தான் மரம், வளர்ந்தால் ஒன்றரை, இரண்டு மீட்டர் புதர். ஆனால் தண்டு கட்டையாகி வருடக்கணக்கில் நிற்கும். அடுத்த மே மாதப் பூவுக்கான மொட்டு அந்த மொட்டைக் குச்சியில் இப்போதே உட்கார்ந்திருக்கிறது. சீனாவின் லுவோயாங்கில் 1983 முதல் ஏப்ரல் தோறும் விழா எடுக்கிறார்களே, அது இந்த மாதிரிக் குச்சிகளில் பூக்கும் பூவுக்குத்தான்.

தெரிந்த ஒருவர் வீட்டில் ‘ஹை நூன்’ என்ற மஞ்சள் பூ மரப் பியோனி மார்பளவுக்கு நின்றது. அவர் ஊருக்குப் போயிருந்த சமயம், தோட்ட வேலைக்கு வந்த ஆள் எல்லாவற்றையும் ‘சுத்தம்’ செய்துவிட்டுப் போய்விட்டார். வசந்தத்தில் தளிர் வந்ததும் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் போய்ப் பார்த்தேன், இலையே வேறு. கடையில் கிடைக்கும் மரப் பியோனி பெரும்பாலும் சாதாரணப் பியோனியின் வேர்த்துண்டில் ஒட்டுக் கட்டியது. மேலே வெட்டிவிட்டால் அடியில் இருக்கும் வேருக்குக் கொண்டாட்டம். சொன்னேன், அவர் நம்பவில்லை. சில வருடம் உரமும் தண்ணீரும் கொடுத்து வளர்த்தார். பூத்தது, இளஞ்சிவப்பில். “நிறம் மாறிடுச்சு போல” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வெட்டாத செடியிலும் இந்த அடிவேர்த் தளிர் வரும். மண்ணிலிருந்து நேராகக் கிளம்பும். மரப் பியோனியின் சிற்றிலை நுனியில் பிளந்திருக்கும். அடிவேர்த் தளிரில் பெரும்பாலும் பிளவு இருக்காது. மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடத்தில் பிய்த்து எடுங்கள். மண் மட்டத்தில் நறுக்கினால் திரும்ப வரும்.

மேலாக நடுவது

மரப் பியோனியின் ஒட்டு மண்ணுக்குள் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டுக்கு மேலே உள்ள தண்டு சொந்த வேர் விடும். சாதாரணப் பியோனியின் கணக்கு நேர் எதிர்: அதன் வேர்மொட்டை 5 செ.மீ.க்கு மேல் புதைத்தால் பூக்காமல் படுத்தும். இரண்டையும் ஒரே ஆழத்தில் நட்டுவிட்டு என்னிடம் கேட்காதீர்கள்.

வேலி மாதிரி ட்ரிம் செய்வது

வேண்டாம்.

காய்ந்த குச்சி என்று அவசரப்படுவது

ஏப்ரல் வரை பொறுங்கள். நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உண்மையிலேயே செத்திருந்தால், கீழே உயிரோடு இருக்கும் மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். செடி வயதாகி, அடியெல்லாம் வெறுமையாகிவிட்டதா? குளிர்காலக் கடைசியில் வருடத்துக்கு ஒரு தண்டை மட்டும் தாழ வெட்டலாம்.

வாடிய தளிரை விட்டுவைப்பது

இவ்வளவு நேரம் வெட்டாதே என்றேன், இங்கே மட்டும் தயங்கக் கூடாது. வசந்தத்தில் நன்றாக இருந்த தளிர் திடீரென்று தலை தொங்கி, அடி பழுப்பானால் பெரும்பாலும் சாம்பல் பூஞ்சைதான். நல்ல தண்டு தெரியும் வரை கீழே இறங்கி வெட்டுங்கள். வெட்டியதை மக்குக் குழியில் போடாதீர்கள். கத்தரியைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டுகிறவர்கள் தோட்டத்தில் இது கூடுதலாக வரும்.

இட்டோ பியோனியை மரப் பியோனியோடு சேர்ப்பது

ஜப்பானில் தோய்ச்சி இட்டோ 1948-இல் மரப் பியோனியையும் சாதாரணப் பியோனியையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். இலை மரப் பியோனி மாதிரி. தண்டோ குளிரில் மடிந்துவிடும். இதைத் தாராளமாகத் தாழ வெட்டலாம். கடைச் சீட்டில் ‘இன்டர்செக்‌ஷனல்’ என்று போட்டிருந்தால் அதுவும் இதுதான்.