லக்சரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்

எகிப்து பயணத் திட்டங்களில் லக்சருக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான் கிடைக்கிறது. செங்கடல் கரையில் உள்ள ஹுர்காதாவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, நான்கு மணி நேரம் பயணம் செய்து, கர்நாக் கோயிலையும், அரசர்களின் கல்லறைகள் உள்ள அரசர் பள்ளத்தாக்கையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இரவே திரும்புகிறார்கள். முதல் தவறு அதுதான். பண்டைய எகிப்தின் தலைநகராக விளங்கிய தீப்ஸ் மாநகரம் இது. நைல் நதிக்குக் கிழக்கே தெய்வங்களின் கோயில்கள். மேற்கே கல்லறைகளும் அரசர்களின் நினைவுக் கோயில்களும். மேற்குக் கரைக்கு மட்டுமே இரண்டு முழு நாள் வேண்டும். கர்நாக்கில் 134 தூண்கள் நிற்கும் மண்டபத்துக்கே ஒரு காலைப் பொழுது போதாது.

எந்த மாதம், எந்த நேரம் என்று யோசிக்காமல் போவது அடுத்த தவறு. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. அப்போதும் ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலுக்கு நண்பகலில் போகாதீர்கள். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, ஒதுங்க நிழல் கிடையாது. அரசர் பள்ளத்தாக்கைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். பஸ் கூட்டம் வந்து சேருமுன் ஒன்றரை மணி நேரமாவது அமைதியாகப் பார்க்கலாம். இதற்காகவே மேற்குக் கரையில் தங்குங்கள் என்பேன். கிழக்குக் கரையில் தங்கினால் பாலம் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது, காரில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். லக்சர் கோயிலுக்கு எதிரே புறப்படும் பயணிகள் படகோ சில நிமிடங்களில் அக்கரை சேர்த்துவிடும். லக்சர் கோயிலை மாலையில் விளக்கொளியில் பார்க்கலாம் என்பதால் பகல் நேரத்தை அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

டிக்கெட் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அரசர் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. அவற்றில் சிலதான் திறந்திருக்கும். பொது டிக்கெட்டில் மூன்றுக்குள் மட்டுமே போகலாம். துட்டன்காமுன், முதலாம் செட்டி, ஆறாம் ராமசேஸ் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனித்தனி டிக்கெட். பெயரைக் கேட்டதும் எல்லோரும் துட்டன்காமுனுக்கே பணம் கட்டுகிறார்கள். அந்த இளம் அரசன் எதிர்பாராமல் இறந்துபோனதால் அவசரமாக அடக்கம் செய்த சிறிய கல்லறை அது. ஓவியம் இருப்பது ஒரே ஓர் அறையில்தான். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த இந்தக் கல்லறையிலிருந்து கிடைத்த பொன் முகமூடியும் மற்றச் செல்வங்களும் இப்போது கீசா பிரமிடுகளுக்கு அருகே உள்ள பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மம்மி மட்டும் இங்கேயே இருக்கிறது. கையிருப்பில் ஒரு கூடுதல் டிக்கெட்டுக்குத்தான் இடம் என்றால் ஆறாம் ராமசேஸின் கல்லறையைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடக்க அறையின் கூரை முழுக்க ஓவியமாக வானத்துத் தேவி நூத் நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் செய்கிறது, காலையில் மீண்டும் பெற்றெடுக்கிறாள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, டெய்ர் எல்-மதீனாவை விட்டுவிடுவது. அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. வீடுகளின் அடிச்சுவர்கள் இன்றும் தெரு தெருவாக நிற்கின்றன. மேலே குன்றின் சரிவில் சென்னெஜெம் என்ற கைவினைஞரின் கல்லறை. குனிந்து இறங்கினால், ஒரு சிறு அறை முழுக்க மஞ்சள் பின்னணியில் ஓவியம்: மறுமை உலகின் வயலில் அவர் மாடு பூட்டி உழுகிறார், மனைவி பின்னால் விதைத்துக்கொண்டே வருகிறாள். வண்ணம் நேற்றுப் பூசியதுபோல் இருக்கிறது.

இதே ஊர்க்காரர்கள்தான் மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் வளாகங்களில் போய் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸ் சுவடியில் பதிவாகியிருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். அதே அரசன் தன் போர் வெற்றிகளைச் சுவர் சுவராகச் செதுக்கி வைத்த மெதினெட் ஹாபு கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஊரை முதலிலும் கோயிலைப் பிறகும் பாருங்கள். இவற்றுக்கான டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மெம்னான் சிலைகள் எனப்படும் இரண்டு பிரம்மாண்டமான கற்சிலைகளைத் தாண்டியதும் சாலையோரம் வரும் தொல்லியல் துறை டிக்கெட் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். வங்கி அட்டையும் கையில் இருக்கட்டும். பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை.

காவலர் யாராவது தடுப்புக் கயிற்றைத் தூக்கி உள்ளே வரச் சொன்னால் போகாதீர்கள். அன்பளிப்பு எதிர்பார்த்து அழைக்கிறார்கள். நம் வியர்வையும் மூச்சின் ஈரமுமே அந்தச் சுவர்களை அரிக்கின்றன. ஃபிளாஷ் போடவே கூடாது. ரமலான் மாதத்தில் சில இடங்களை முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பதால் நேரத்தை முதல் நாளே கேட்டுவையுங்கள். டிரோன் கொண்டுபோக நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். விமான நிலையச் சுங்கத்திலேயே பறித்துக்கொள்வார்கள்.