பகானுக்குப் போகும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

யாங்கோனில் இரவு பஸ் ஏறி, பர்மாவின் பழைய தலைநகரான பகானில் விடியற்காலையில் இறங்கி, ஆனந்தா கோயில் முன்னால் ஒரு படம், ஐராவதிக் கரையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அன்று இரவே திரும்பிவிடுகிறார்கள் பர்மாத் தமிழர்களான நம்மவர்களில் பலர். சரித்திரத்தில் ஆசை உள்ளவர் செய்யக்கூடாத முதல் தவறு இது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட கோயில்களும் பயா எனப்படும் தூபிகளும் அங்கே இன்னும் 2,000க்கு மேல் நிற்கின்றன. அத்தனையையும் பார்க்க யாராலும் முடியாது. நாளுக்கு நான்கைந்து என்று முன்பே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றிலும் நிதானமாக நின்றால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, எல்லாவற்றிலும் சோழர்களைத் தேடுவது. பகானில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது என்று கேட்டதும், ராஜேந்திர சோழன் பர்மாவைப் பிடித்ததற்கு அதுவே சாட்சி என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்தப் பேச்சு எடுபடாது. அது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்புக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் பிந்தியது. முகுந்தமாலை என்ற வடமொழி வைணவத் துதிநூலின் சுலோகம் ஒன்றோடு தொடங்கி, அப்புறம் தமிழில் போகிறது. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, கல்வெட்டு புக்கம் என்று சொல்லும் பகானின் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நிலைவிளக்கு ஒன்றும் கொடுத்தார். இவ்வளவுதான் செய்தி. படையும் இல்லை, வெற்றியும் இல்லை. நானாதேசி என்பது பல நாடுகளில் வணிகம் செய்தவர்களின் குழு, விண்ணகர் என்றால் பெருமாள் கோயில். தங்களுக்கென்று ஒரு பெருமாள் கோயில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கடல் கடந்து வந்த வணிகர்கள் ஒரு பௌத்த ராஜ்யத்தின் தலைநகரில் காலூன்றியிருந்தார்கள். கடை வைத்தும் வயலில் இறங்கியும் இந்த மண்ணில் பிழைத்த நம் பெரியவர்களுக்கு, வாளோடு வந்த எந்த அரசனையும்விட இந்த நம்பிதான் நெருங்கிய சொந்தம் என்பது என் எண்ணம்.

அந்த விண்ணகரம் நத்லாங் கியாங்தான் என்று அடித்துச் சொல்வதும் வேண்டாம். நத்லாங் கியாங் பழைய பகான் மதிலுக்குள், தட்பின்யு கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல் கிடைத்ததோ மதிலுக்கு வெளியே, தெற்கே மியின்கபா கிராமத்துப் பக்கம். அதற்காக நத்லாங்கைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பகானில் இன்று நிற்கும் விஷ்ணு கோயில் அது. வெளிச்சுவர் மாடங்களில் அவதாரச் சிற்பங்கள் சிதைந்த நிலையில் இருக்கின்றன.

குப்யவுக்ஜி என்ற பெயரில் முக்கியமான கோயில்கள் இரண்டு உண்டு. வண்டிக்காரரிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மியின்கபாவில் இருப்பது 1113இல் கட்டப்பட்டது. சுவரோவியங்களுக்குக் கீழே மோன் மொழியில் மையால் எழுதிய குறிப்புகள் இன்னும் தெரிகின்றன. அதை ஒட்டியே மியாசேதி கல்வெட்டு. ஒரே செய்தி பாலி, மோன், பியூ, பர்மியம் என்று நான்கு மொழிகளில் வெட்டப்பட்டிருக்கிறது. மறைந்துபோன பியூ மொழியைப் படிக்க வழி திறந்தது அந்தக் கல்தான். வெட்ஜி-இன் கிராமத்து குப்யவுக்ஜியில் வேறு கதை. 1899இல் தோமன் என்ற ஜெர்மானியர் ஓவியங்களைச் சுவரிலிருந்து அறுத்தெடுத்துக்கொண்டு போனார். அந்த வெற்றிடங்களைப் பார்த்தவர் யாரும் ஓவியத்தின்மேல் கை வைக்க மாட்டார். ஃபிளாஷும் வேண்டாம், மங்கலான டார்ச் ஒன்று போதும்.

கண்ணில் படும் செங்கல் எல்லாம் பழையது என்று நம்பிவிடாதீர்கள். 1975 நிலநடுக்கத்திற்குப் பிறகு, முக்கியமாக 1990களில், வெறும் மேடாகக் கிடந்த பல இடங்களில் புதுச் செங்கல் வைத்து முழுக் கோயிலே எழுப்பிவிட்டார்கள். அந்த வேலைக்கு வந்த கண்டனமும் சேர்ந்துதான் யுனெஸ்கோ அங்கீகாரம் 2019 வரை தள்ளிப்போனது. எல்லாச் செங்கல்லும் ஒரே நிறத்தில், கூர்மையான விளிம்போடு இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சூரிய உதயம் பார்க்கக் கோயில் மேல் ஏறாதீர்கள். 2016 நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கான கோயில்கள் சேதமடைந்தன. ஏறுவதற்கு இப்போது தடை. பார்ப்பதற்கென்றே மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்ற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் சாக்ஸையும் கழற்ற வேண்டும், பூசை இல்லாத பாழடைந்த கோயிலிலும்கூட. மார்ச் முதல் மே வரை மதியத்தில் தரை காலைச் சுடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கிளம்புமுன் சாலை நிலவரத்தை அந்த ஊர்க்காரர்களிடமே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய தகவலை நம்ப வேண்டாம்.

கடைசித் தவறு, பகானோடு நிறுத்திக்கொள்வது. அதைவிடப் பழைய பியூ நகரமான ஸ்ரீ க்ஷேத்ரா, பியே ஊருக்குப் பக்கத்தில், மாவ்ஸா கிராமத்தில் இருக்கிறது. 1926இல் அங்கே கிடைத்த பொன்னேட்டுச் சுவடியின் பாலி எழுத்து, தென்னிந்திய எழுத்துகளோடு உறவுடையது. விரைவுச்சாலை பஸ்கள் பியே பக்கம் போவதில்லை. பழைய சாலை வழியே போகும் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள். பியேவில் ஓர் இரவு தங்கினால் காலை வெயிலுக்கு முன்னால் பாவ்பாவ்ஜி தூபியைச் சுற்றிவிடலாம்.