பால் பைத்தானுக்குப் பால் வேண்டாம்: மீட்ட பாம்பை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி?

பெயரைக் கேட்டதும் அம்மா ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "பால் பைத்தான்னு நீதானே சொன்னே?" 'பால்' என்றால் ஆங்கிலத்தில் பந்து, பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்வதால் வந்த பெயர் அது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாம்பு இயல்பாகப் பால் குடிக்கிற பிராணி இல்லை. பாம்பாட்டியிடம் இருக்கும் பாம்பு குடிக்கிறதென்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகம்தான் காரணம். அந்தப் பால் அதற்குக் கெடுதல்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடியறைக்கு இந்தப் பாம்பு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டைக் காலி செய்த யாரோ பிளாஸ்டிக் டப்பாவோடு விட்டுவிட்டுப் போனது. அப்போது எடை 740 கிராம், முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்திக்கொண்டிருந்தது. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் பாருங்கள்

சாரை, தண்ணீர்ப்பாம்பு, நல்லபாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளி என நம் ஊர்ப் பாம்பு எதுவானாலும் வீட்டில் வைக்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அடிபட்டிருந்தாலும் சரி, குட்டியாக இருந்தாலும் சரி, வனத்துறையிடம் சொல்லி ஒப்படைப்பதுதான் வழி. இன்னொன்று: கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. என்ன பாம்பென்று உறுதியாகத் தெரியாதவரை தொடாதீர்கள். தூரத்தில் நின்று போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷமில்லாதது. ஆனால் சைட்டஸ் என்னும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2022-இல் திருத்திய சட்டப்படியும் 2024-இல் வந்த விதிகள்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைக்கு வந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அது செத்தாலும் கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். இது 20, 30 வருடம்கூட வாழும். வாடகை வீடென்றால் ஓனரிடமும் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் சாமான் முதலில் தெருவுக்கு வரும், அப்புறம்தான் பேச்சு.

2. சூடு

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு போதவில்லையென்றால் தின்றது செரிக்காது, சளி பிடிக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, டிசம்பர் ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை இறங்கும். இந்தப் பாம்புக்கு அது ஆபத்து.

பாம்பை வைக்கும் கண்ணாடி டேங்கின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) டேங்குக்கு வெளியே, அடித்தளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. அதனால் குளிர்காலத்துக்கு மேலே ஒரு செராமிக் ஹீட்டர் வேண்டும். அதைச் சுற்றிக் கம்பிவலை போட்டுவிடுங்கள், பாம்பு ஏறிச் சுற்றிக்கொண்டால் வெந்துவிடும்.

தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் கருவி) இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். நான் தெர்மோஸ்டாட் போட்டும் மாட்டிக்கொண்டேன். சூட்டை அளக்கும் அதன் ஒயர் முனையை, அதாவது ப்ரோபை, டேங்குக்குள் சும்மா போட்டு வைத்திருந்தேன். ராத்திரியில் பாம்பு அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிட்டது. இன்னும் குளிர்கிறது போல என்று கருவி மேட்டை எரித்துக்கொண்டே இருக்க, காலையில் கை வைத்தால் தரை சுட்டது. நல்லவேளை, அது மறுமூலையில் கிடந்தது. இப்போது ப்ரோபை வெளியே மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே டேப் ஒட்டவே கூடாது, செதிலில் ஒட்டினால் தோலோடு வரும்.

கரண்ட் போகும் ஊர் இது. மேட் இழுப்பது கொஞ்சம் மின்சாரம்தான், இன்வெர்ட்டரில் கொடுத்துவிடலாம்.

3. வீடு

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று என இரண்டு பொந்துகள் வேண்டும். விளிம்பில் ஓட்டை போட்டுக் கவிழ்த்த பூந்தொட்டியே போதும், உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டுபோகும்போது தரையில் விரித்திருக்கும் தேங்காய் நார்த்துகளில் தண்ணீர் தெளித்தால் சரியாகும்.

ஆனால் முதல் இரண்டு மாதம் நார்த்துகள் வேண்டாம், வெள்ளை டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். மீட்ட பாம்பில் உண்ணி இருக்கலாம். மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது உண்ணிதான், வெள்ளையில் உடனே தெரியும். கழிவின் நிறமும் தெரியும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, ஈறில் சிவப்பு: இதில் எது இருந்தாலும் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் போதாது.

4. சும்மா விடுங்கள்

கஷ்டமான படி இதுதான். முதல் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் கையே போடாதீர்கள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டாதீர்கள். நான் மூன்றாம் நாளே எடுத்து மடியில் வைத்து வீடியோ எடுத்தேன். அதற்குப் பிறகு 23 நாள் அது எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

5. சாப்பாடு

உறைந்த எலிதான். உயிருள்ள எலியைப் போட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்து உருக்குங்கள், மறுநாள் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். எலிக்குத் தனி டப்பா, முடிந்தால் தனி பிரீசர். எங்கள் வீட்டில் இட்லி மாவு இருக்கிற பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே அதை விடவில்லை, அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பாம்பு உடம்பின் தடிமனான இடத்தைவிடப் பெரிய எலி வேண்டாம். பட்டினி கிடந்து வந்ததற்கு அதைவிடச் சின்னதாகவே தொடங்குங்கள், ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. தின்ற பிறகு 48 மணி நேரம் தூக்கக்கூடாது, கக்கிவிடும். சாப்பிடாமல் கிடப்பது இந்த இனத்துக்குச் சகஜம். சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

6. சட்டை உரிப்பது

கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது. அப்போது தொடாமல் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். சட்டை துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். கண்ணில் ஒட்டிய தோலை மட்டும் பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும்.

7. கை, கடி, பூட்டு

தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்க் குழந்தைகள் தொட வேண்டாம். எலி வாசனைக் கையை நீட்டினால் கடிக்கும். கடித்தால் கையை இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை. பாம்பின் தலையில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும்.

டேங்குக்குப் பூட்டு போடுங்கள். போன ஜூலையில் ஒரு நாள் மறந்துவிட்டேன். தப்பிய பாம்பு இருட்டும் கதகதப்பும் தேடிப் போகும், பிரிட்ஜ் மோட்டார், வாஷிங் மெஷின் பின்புறம்தான் முதலில் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் ராத்திரி ஒவ்வொரு வாசற்படியிலும் அரிசி மாவைத் தூவிவிட்டுப் படுங்கள். பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாத அம்மா, "பூச்சி எந்தப் பக்கம் போச்சோ" என்றபடி தானே கையில் எடுத்துத் தூவினாள். விடிகாலையில் சமையலறை வாசலில் நெளிநெளியாக ஒரே ஒரு கோடு, பிரிட்ஜ் வரைக்கும்.