கூழாங்கல்லில் கோலம் போட்டு, முகம் தெரியாதவருக்கு விட்டு வருவது எப்படி?

இரண்டு வருடம் முன்னால், மசாசூசெட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மினிட்மேன் சைக்கிள் பாதையில் ஒரு பெஞ்சின் மேல் தர்பூசணித் துண்டு ஒன்று கிடந்தது. யாரோ பாதி தின்றுவிட்டு வைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து மகளின் கையைத் தட்டிவிட்டேன். அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். தர்பூசணி இல்லை, கல். பச்சைத் தோல், சிவப்புச் சதை, கறுப்பு விதைகள் எல்லாம் பெயின்ட். திருப்பிப் பார்த்தால், 'வேண்டுமானால் வைத்துக்கொள், இல்லையென்றால் வேறு எங்காவது ஒளித்து வை' என்று எழுதியிருந்தது.

கல்லில் படம் வரைவது இங்கே புதிதல்ல. ஆனால் இப்படி முன்பின் தெரியாதவர்களுக்காக விட்டு வருவது பரவலானது 2015-க்குப் பிறகுதான். இதே மாநிலத்தின் கேப் காட் பகுதியில் மேகன் மர்ஃபி என்ற பெண்மணி நாலு நல்ல வார்த்தைகளைக் கல்லில் எழுதிக் கடற்கரையில் விட்டு வர ஆரம்பித்தார். 'கைண்ட்னஸ் ராக்ஸ்' என்று பெயர் வைத்தார், அது ஊர் ஊராகப் போனது.

எனக்குப் படம் வராது. கோலம் வரும். அதனால் கோலத்தை வைத்தே சொல்கிறேன். பூவோ பறவையோ வரையத் தெரிந்தவர்களுக்கும் கல், பூச்சு, வார்னிஷ் எல்லாம் இதேதான். வரைவதைவிடக் கொண்டுபோய் வைப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. எனக்கும் நடந்தது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கல்

உள்ளங்கையில் அடங்குகிற, ஒரு பக்கமாவது தட்டையான, வழவழப்பான கூழாங்கல் வேண்டும். ஏழு எட்டு சென்டிமீட்டர் நீளம் போதும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது பெயின்டையும் அப்படியே குடிக்கும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கடற்கரையிலோ ஆற்றிலோ பொறுக்கி வரலாமே என்று தோன்றும். கேப் காட்டின் கடற்கரையில் ஒரு நீண்ட பகுதி 1961 முதல் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கல்லை எடுப்பதும் விதிமீறல்தான். தோட்டச் சாமான் கடையில் 'ரிவர் ராக்' என்று மூட்டையாக விற்கிறார்கள். ஒரு மூட்டை வாங்கினால் ஒரு வருடத்துக்குக் காணும்.

கழுவுவது, காயவைப்பது

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும். மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரியும். கழுவியபின் ஒரு நாள் முழுக்கக் காற்றில் காயட்டும். அவசரப்பட்டு ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் கல் வெடிக்கும்.

அடிப்பூச்சு

அக்ரிலிக் பெயின்ட்தான் இதற்குச் சரி. நான் எப்போதும் செங்காவி நிறம்தான் பூசுவேன். மார்கழியில் வாசலில் காவி இட்டு அதன்மேல் வெள்ளைக் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு வேறு நிறம் பிடிப்பதில்லை. அந்த நிறம் கடையில் அப்படியே கிடைக்காது. சிவப்பில் கொஞ்சம் பழுப்பும் துளி ஆரஞ்சும் கலந்தால் வரும்.

ஒரே தடவையில் கெட்டியாக அப்பிவிடாதீர்கள். மெல்லிசாக ஒரு கோட், இருபது நிமிடம், மறுபடி ஒரு கோட். மேல்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பக்கம்.

கோலம்

கல் சின்னது என்பதால் பெரிய கோலம் வேண்டாம். நேர்ப்புள்ளி ஐந்து, ஒன்றில் முடிகிற கோலம் அழகாக உட்காரும். வரிசைக்கு 1, 3, 5, 3, 1 என்று மொத்தம் பதின்மூன்று புள்ளிகள். முதலில் வெள்ளை சாக் பென்சிலால் நடுவரிசையின் ஐந்து புள்ளிகளையும் வையுங்கள். அப்புறம் மேலே மூன்று, கீழே மூன்று, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. கோணினால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். தரையில் கிடைக்காத வசதி இது.

இடம் சரியாக வந்ததும் பல்குத்தும் குச்சியை வெள்ளை பெயின்டில் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக ஒற்றுங்கள். குச்சியை இழுக்கக் கூடாது. நேராக இறக்கி நேராகத் தூக்க வேண்டும். ஒரு தடவை தொட்டால் மூன்று புள்ளிதான் ஒரே அளவில் வரும், நாலாவது சிறுத்துவிடும். அதனால் மூன்றுக்கு ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் காயட்டும்.

இனி இழை. இதற்கு பிரஷைவிட பெயின்ட் மார்க்கர் நல்லது. போஸ்கா மாதிரி தண்ணீரில் கரையும் வகையில், 0.7 மில்லிமீட்டர் முனை. வாசலில் கோலம் போடும்போது நாம் நகர்வோம், தரை நகராது. கல்லில் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் கல்லைத் திருப்பிக்கொண்டே போங்கள். பேனா ஒரே இடத்தில் நிற்கட்டும், வளைவு தானாக வரும். முதல் மூன்று கல்லில் எனக்கு இது பிடிபடவில்லை. சிக்கு ஒவ்வொன்றும் முட்டையைப் போல நீண்டு போயிற்று. ஒரு புள்ளியைச் சுற்றி முடித்ததும் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம். மறுபடி தொடங்கும்போது முந்தைய கோட்டின் மேல் கொஞ்சம் ஏற்றித் தொடங்கினால் ஒட்டு தெரியாது.

மணி, மினுக்குப் பொடி, ஆடும் கண் எதையும் ஒட்டாதீர்கள். மழையில் கழன்று பறவை வயிற்றுக்குப் போகும்.

வார்னிஷ்

என் முதல் கல்லில் கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளி வரைந்தேன். சாதாரண பெர்மனன்ட் மார்க்கரால் ஓரம் கட்டினேன். காய்ந்தபின் தெளிவான வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். கண் எதிரிலேயே கிளியின் கறுப்பு ஓரம் ஊறி, அலகு வழியாக வழிந்தது. அழுகிற கிளி! மகள் அதைத் தர மாட்டேன் என்று அலமாரியில் வைத்துக்கொண்டாள். அந்த மார்க்கரின் மையையும் ஸ்ப்ரேயையும் ஒரே மாதிரியான கரைப்பான் கரைப்பதால்தான் இப்படி ஆகிறது. மேலே சொன்ன தண்ணீர் வகை மார்க்கர் இந்த வேலையைச் செய்யாது.

ஸ்ப்ரேயை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். வெளியே, காற்றில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு அடி தள்ளிப் பிடித்து, கையை ஆட்டிக்கொண்டே லேசாக அடியுங்கள். நடுவில் கால் மணி நேரம் விட்டு மூன்று தடவை. புழுக்கமான நாளில் அடித்தால் மேலே பால் படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். கைவேலைக் கடையில் கிடைக்கும் சாதாரண மாட் பாட்ஜ் என்கிற பசைப்பூச்சு மழையில் நனைந்தால் அதுவும் வெளுக்கும், வெளியே வைக்கிற கல்லுக்கு ஆகாது. கடைசித் தடவை அடித்த பிறகு ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

அடிப்பக்கத்தில், வார்னிஷ் அடிக்கும் முன்பே, ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் எழுதுவது: 'தமிழ்நாட்டில் வாசலில் இப்படிப் போடுவோம். எடுத்துக்கொள்ளுங்கள்.' ஆங்கிலத்தில்தான். ஒன்றிரண்டில் மட்டும் தமிழிலும் எழுதினேன், யாராவது வாசித்தால் திடுக்கிடட்டும் என்று. வீட்டு முகவரி, போன் நம்பர் வேண்டாம்.

எங்கே வைப்பது

சரி, தப்பு செய்த கதைக்கு வருகிறேன். கோலக்கல் தயாரானதும் எனக்குத் தோன்றிய முதல் இடம் கான்கார்டின் வடக்குப் பாலம். 1775 ஏப்ரல் 19-இல் அமெரிக்கப் புரட்சியின் முதல் நாள் சண்டை நடந்த இடம், தினமும் ஆட்கள் வந்துபோகிற இடம், இதைவிட வேறென்ன வேண்டும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல்சுவரின் இடுக்கில் வைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். காரில் ஏறியபின்தான் நுழைவாயில் பலகையைச் சாவகாசமாகப் படித்தேன். அது தேசியப் பூங்கா. அங்கே கொண்டுபோய் எதை விட்டாலும் குப்பை போட்ட மாதிரிதான் கணக்கு. இறங்கி நடந்து போய் என் கல்லை நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பழைய இடங்களில் கல்லே சாட்சி. பக்கத்து வால்டன் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845-இல் அங்கே பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு வீடு கட்டி இரண்டு வருடத்துக்குமேல் இருந்தார். அவர் போனபின் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள், வீடு இருந்த சரியான இடம் தெரியாமல் போயிற்று. 1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் தோண்டிப் பார்த்துப் புகைபோக்கியின் அடிக்கற்களைக் கண்டுபிடித்தார். அந்தக் கற்களை யாராவது இடம் மாற்றியிருந்தால், அழகுக்காகப் பெயின்ட் பூசியிருந்தால்? அதனால் பழைய சுவர், கல்லறை, இடிபாடு எதிலும் கல்லைச் செருகவும் கூடாது, அங்கிருந்து உருவவும் கூடாது. அங்கே இருக்கிற பாறையின் மேலேயே வரைவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆனால் அதே வால்டனில்தான், தெரியாதவர்கள் கல் வைக்கிற வழக்கம் நூற்றைம்பது வருடமாக நடக்கிறது. தோரோவின் நண்பர் பிரான்சன் ஆல்காட் 1872-இல் அங்கே ஒரு விருந்தாளியோடு போய், வீடு இருந்த இடத்தை அடையாளம் காட்டக் கற்களை வைத்துத் தொடங்கினார். வந்தவர்கள் ஆளுக்கொன்று போடப் போட அது குவியலாயிற்று. கவிஞர் வால்ட் விட்மன் 1881-இல் வந்தபோது அவரும் ஒரு கல் போட்டிருக்கிறார். அங்கே போனால் நான் வெறும் கல்தான் போடுவேன், பெயின்ட் இல்லாமல், எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுபோய். நம் காவியும் வெள்ளையும் அந்தக் குவியலில் துருத்திக்கொண்டு தெரியும். இது என் அபிப்பிராயம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அப்படியானால் வண்ணக் கல் எங்கே போகும்? வரலாற்று இடத்துக்குப் போகிற வழிக்கு. பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கிற கடையின் ஜன்னல் திண்டு, நூலகத்தின் படி, தெருமுனையில் மரப்பெட்டியில் இலவசப் புத்தகம் வைக்கிறார்களே அதன் மேல்தட்டு, சைக்கிள் பாதையின் பெஞ்ச். கடையும் நூலகமும் என்றால் உள்ளே போய் ஒரு வார்த்தை கேளுங்கள், இதுவரை எனக்கு யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மினிட்மேன் பாதையே பழைய ரயில் தடம்தான், 1993-இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். லெக்சிங்டனில் அது பழைய ரயில் நிலையத்தை ஒட்டிப் போகிறது. வரலாறு வேண்டும் என்றால் அதுவே போதும். அதே 1775 சண்டை நடந்த லெக்சிங்டன் போர்த்திடல் ஊராட்சியின் நிலம், அங்கே வைக்க ஆசையிருந்தால் ஊர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வையுங்கள்.

புல்வெளியில் வைக்காதீர்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடில் சிக்கினால் கல் தோட்டா மாதிரி தெறிக்கும். நடைபாதையின் நடுவிலும் வேண்டாம், கால் இடறும். குளத்திலும் ஓடையிலும் போடாதீர்கள், பெயின்ட் உரிந்து தண்ணீரில்தான் சேரும். குழந்தையின் கண் மட்டத்தில் வைத்தால் சீக்கிரம் போய்விடும்.

வைத்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். மறைந்திருந்து யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நான் ஒரு தடவை காபிக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை, இரண்டு காபிக்குக் காசு போனதுதான் மிச்சம். மறுநாள் காலை கல் இல்லை. ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் கிடந்தால் நீங்களே எடுத்துக்கொண்டு வந்து, உரிந்த இடத்தைச் சரிசெய்து வேறிடத்தில் வையுங்கள்.

நவம்பர் முடிவதற்குள் வைக்க வேண்டியதை வைத்துவிடுவேன். அதற்குமேல் பனி வாரும் வண்டி வந்தால் கல் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது, குளிரில் ஸ்ப்ரேயும் சரியாகக் காயாது. ஏப்ரல் வரை செய்பவை எல்லாம் சமையலறை ஜன்னலில், புதினாத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வார்னிஷ் அடிக்க வெயில் வரவேண்டும்.