ஊருக்குப் போகும் கமராவுக்கு ஒரு ஜிபிஎஸ்

வெளிநாட்டிலிருந்து இலங்கையிலுள்ள ஊருக்குப் போகிற நாங்கள் எல்லோரும் அள்ளு கொள்ளையாகப் படம் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறோம். சில வருடம் கழித்து அந்தப் படங்களைத் திறந்தால், இது எந்தக் காணி, அது யாருடைய கிணறு, இந்த ஒழுங்கை எங்கே போய் முட்டுகிறது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் உள்ள இடம் என்றால் எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம். பற்றை மண்டிய வளவுக்கும், சுவர் மட்டும் மிஞ்சிய வீட்டுக்கும், வேலி இருந்த தடமே அழிந்துபோன காணிக்கும் முகவரி கிடையாது. அந்த இடங்களுக்காகத்தான் கமராவோடு, செய்மதிகளைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் ஒரு ஜிபிஎஸ் போகவேண்டும் என்கிறேன். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் கை நீட்டிக் காட்டுகிற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தாலே போதும், அந்த இடம் அகலக்கோடு, நெடுங்கோடு என்ற எண்களாகப் பதிந்துவிடும்.

கைத்தொலைபேசியில் கமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கிற படத்தில் இடம் தானாகவே பதிவாகும். ஆனால் பெரிய கமராக்கள் பலவற்றில் ஜிபிஎஸ் வாங்கி, அதாவது செய்மதிச் சிக்னலை ஏற்கும் பகுதி, கிடையாது. அதை வெளியிலிருந்துதான் கொடுக்கவேண்டும்.

ஒரு வழி, கமராவின் தலையில் பிளாஷ் பூட்டுகிற இடத்தில் சொருகும் சிறு கருவி. நிக்கானுக்கு ஜிபி-1, ஜிபி-1ஏ, கேனனுக்கு ஜிபி-ஈ2. கருவி எல்லாக் கமராவுக்கும் பொருந்தாது, அதனால் உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். நிக்கானின் கருவி ஒரு சிறு வயரால் கமராவோடு இணைந்து அதன் பற்றரியிலேயே ஓடும், ஆகவே மேலதிகமாக ஒரு பற்றரி கொண்டுபோகவேண்டும். கேனனின் கருவிக்குத் தனியாக ஒரு ஏஏ பற்றரி. அதில் திசைகாட்டியும் உண்டு என்பதால் கமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பதும் பதிவாகும். வீட்டு முகப்பு எந்தத் திசையில் இருந்தது என்று பின்னால் கேட்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

நிக்கானின் கருவியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. சிவப்பாக மினுங்கினால் இன்னும் இடம் பிடிபடவில்லை. பச்சையாக மினுங்கினால் மூன்று செய்மதிகள் கிடைத்திருக்கின்றன. இடம் தெரியும், உயரம் தெரியாது. மினுங்காமல் பச்சையாகவே நின்றால் நான்கோ அதற்கு மேலோ கிடைத்துவிட்டன என்று அர்த்தம். அது வரும்வரை பொறுத்திருந்து எடுங்கள். கமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி சில செக்கன்களில் தூங்கிவிடும்படி வைத்திருந்தால் கருவியும் கூடவே தூங்கிப்போய், அடுத்த படத்துக்குள் இடம் பிடிபடாமல் போகலாம். முக்கியமான இடத்தில் நிற்கும்போது அந்த அமைப்பை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது வழி, புளூடூத்தில் போனோடு இணைப்பது. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ், கேனனின் கேமரா கனெக்ட் போன்ற செயலிகள் போனின் இடத்தைக் கமராவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். செலவில்லை, வசதிதான். ஆனால் பற்றரியைச் சேமிக்கப்போய் போன் அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டால் சத்தமில்லாமல் இணைப்பு அறுந்துவிடும். இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வைத்து, பற்றரிச் சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். அப்புறமும் இடையிடையே கமராத் திரையில் இருப்பிடக் குறி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கமராவில் எதையும் பூட்டாமல், போனிலோ தனியான ஒரு பதிவுக் கருவியிலோ நாள் முழுக்க நீங்கள் நடந்த தடத்தைப் பதிவது. அது ஜிபிஎக்ஸ் என்ற கோப்பாகக் கிடைக்கும். திரும்பி வந்ததும் எக்ஸிஃப்டூல், ஜியோசெட்டர், டிஜிகாம் போன்ற மென்பொருளில் படங்களையும் அந்தக் கோப்பையும் போட்டால், படம் எடுத்த நேரத்தைத் தடத்தின் நேரத்தோடு பொருத்தி ஒவ்வொரு படத்துக்கும் இடத்தை எழுதிவிடும். எந்தப் பழைய டிஜிட்டல் கமராவுக்கும் இது சரிவரும். படம் எடுக்காத இடத்திலும் தடம் இருப்பதால், எந்த ஒழுங்கையால் போய் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதும் வரைபடத்தில் கிடக்கும்.

இந்த வழியில் எல்லாமே கமராவின் மணிக்கூட்டில்தான் தங்கியிருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களுக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். ஜிபிஎஸ் தடத்தில் உலகப் பொது நேரம் இருக்கும். கமராவிலோ நீங்கள் வைத்த நேரம் இருக்கும், பல கமராக்கள் அது எந்த நாட்டு நேரம் என்றுகூடப் படத்தில் எழுதாது. இலங்கையும் இந்தியாவும் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு வித்தியாசம் லண்டனிலிருந்து நாலரை, பாரிஸ், சூரிச், ஒஸ்லோவிலிருந்து மூன்றரை, டொரோண்டோவிலிருந்து ஒன்பதரை மணித்தியாலம். அந்த அரை மணியை மறந்து முழு மணியாகத் திருத்தினால், வாகனத்தில் போன நாளின் படங்கள் எல்லாம் வேறு ஊர்களில் போய் விழும். இன்னொன்று, பல கமராக்களில் ‘கோடை நேரம்’ என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கும். ஊரில் கோடை நேரம் என்று ஒன்று கிடையாது, அதை அணைத்துவிட்டு நேரத்தைச் சரிபாருங்கள்.

செக்கன்களும் முக்கியம். கமரா 45 செக்கன் பிந்தி ஓடினால், நடந்து போகும்போது ஏறக்குறைய 60 மீற்றர் பிழைக்கும், 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனத்தில் போனால் 600 மீற்றருக்கு மேல். தினமும் காலையில் போன் மணிக்கூட்டைச் செக்கன் தெரியும்படி வைத்து அதைக் கமராவால் ஒரு படம் எடுங்கள். படத்துக்குள் தெரிகிற நேரத்தையும் கமரா பதிந்த நேரத்தையும் ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்று தெரியும், மென்பொருளில் அதைத் திருத்திக்கொள்ளலாம்.

விமானத்தால் இறங்கி முதல் நாள் கருவியைப் போட்டதும் இடம் பிடிபடத் தாமதமானால் பழுதென்று நினைக்காதீர்கள். கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்திருக்கிறது, செய்மதி விபரங்களைப் புதிதாக வாங்கவேண்டும். எந்தச் செய்மதி எங்கே என்று சொல்லும் முழு அட்டவணை வந்துசேர 12.5 நிமிடம் எடுக்கும். வானம் திறந்த இடத்தில் அசையாமல் கால் மணி நேரம் வைத்துவிட்டால் போதும். ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மோ டேட்டாவோ தேவையில்லை, டேட்டா இருந்தால் போன் இந்த விபரங்களைச் சீக்கிரம் எடுத்துவிடும், அவ்வளவுதான்.

கொங்கிறீட் கூரைக்குக் கீழும் கோயிலின் கல் மண்டபத்துக்குள்ளும் சிக்னல் கிடைக்காது. உள்ளே போகுமுன் வாசலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வெளியில் நல்ல நிலையில்கூட சில மீற்றர் பிழை இருக்கும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு காணி எல்லைக்கு வழக்காடப் போகவேண்டாம், அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும். இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க இது தாராளமாகப் போதும்.

எண்ணைக் கொப்பியில் எழுதும்போது ஒரு கவனம். கமராத் திரையில் 9 பாகை (டிகிரி) 39.6 கலை (மினிட்) என்று காட்டினால் அது 9.66 பாகை, ஏனென்றால் ஒரு பாகைக்கு 60 கலை. அதை 9.396 என்று எழுதிவிட்டால் இடம் கிட்டத்தட்ட 29 கிலோமீற்றர் தெற்கே போய்விடும். யாழ்ப்பாணத்துக்கு அகலக்கோடு 9.66, நெடுங்கோடு 80.02. மாற்றி எழுதினால் வரைபடம் ஆர்க்டிக் கடலைக் காட்டும்.

பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் வீட்டிலேயே ஒரு படம் எடுத்துத் திகதியைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. அதைச் சமாளிக்கத் தெரியாத கருவிகள் ஏறத்தாழ 20 வருடம் பின்னே திகதி போடும்.

இராணுவ முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். தமிழ்நாட்டுக்கும் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜிபிஎஸ் வாங்கி செய்மதியைக் கேட்கமட்டும் செய்யும், ஆனால் செய்தி அனுப்பக்கூடிய கார்மின் இன்ரீச் போன்ற செய்மதித் தொடர்புக் கருவிகளையும் செய்மதித் தொலைபேசிகளையும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

படங்களைப் பகிரும்போது ஊரில் இருக்கிற சொந்தங்களை நினையுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இடத் தகவல் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். தனியே இருக்கும் பெரியம்மாவின் வீட்டுப் படத்தைப் பொது இடத்தில் போடுமுன் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். குடும்பத்துக்குள் வைத்திருக்கும் மூலப் படங்களில் அது இருக்கட்டும், ஜிபிஎக்ஸ் கோப்புகளையும் அதே அடைவில் சேர்த்து இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.