போர் நெருங்கும்போது கடற்படைத் தளபதியை மாற்றுவது எப்படி?

ஆளை முடிவு செய்யும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். புதிய தளபதி தன் அணித் தலைவர்களைக் கடலில், பயிற்சியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஜப்பான் 1903 அக்டோபரிலேயே கடற்படைத் தளபதி ஹிடாகாவை நகர்த்திவிட்டு டோகோவைக் கொண்டுவந்தது. டிசம்பர் 28 அன்று கூட்டுக் கடற்படையும் அவர் கீழ் அமைந்தது. ரஷ்யக் கடற்படைத் தளமான போர்ட் ஆர்தர் மீது தாக்குதல் 1904 பிப்ரவரி 8 இரவில்தான் நடந்தது.

அந்த அவகாசம் இல்லையென்றால், மாற்றாமல் விடுவதையும் ஒரு வழியாக எடைபோடுங்கள். பிரிட்டன் 1914இல் செய்தது எப்படிச் செய்யக்கூடாது என்பதற்குப் பாடம். சில மாதங்களில் பதவிக்காலம் முடியவிருந்த கடற்படைத் தளபதி கலஹனுக்குப் பதில் ஜெல்லிகோவை அனுப்பினார்கள், அதுவும் ‘துணைத் தளபதி’ என்ற பெயரில், கையில் தளபதி நியமன ஆணை அடங்கிய முத்திரையிட்ட உறையோடு. கடற்படை நின்ற ஸ்காபா ஃப்ளோவில் அவர் இறங்கியது ஆகஸ்ட் 2. மாற்றம் வேண்டாம் என்று லண்டனுக்குத் தந்திமேல் தந்தி அடித்தார், பலிக்கவில்லை. உறையைப் பிரித்தது ஆகஸ்ட் 4 அதிகாலை. போர் அறிவிப்பு அன்றிரவே. தன் இடத்துக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று தெரியாதவரிடம் எந்தக் கணக்கை உட்கார்ந்து கேட்பது?

ஆகவே ஆணை இருவருக்கும் ஒரே நாளில், எழுத்தில் போகட்டும். பெயர், இடம், தேதி, மணி நான்கும் அதில் இருக்க வேண்டும். மணி எந்த நேர வலயத்தின்படி என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஒப்படைப்பில் எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். குறியீட்டுப் புத்தகங்களை வரிசை எண் பார்த்து எண்ணிக் கையெழுத்திடுங்கள். கப்பல்வாரியாக எண்ணெய் இருப்பு, குண்டு இருப்பு, பழுதுத்துறையில் நிற்பவை வெளிவரும் தேதி, இவை ஒரு தாளில் அடங்கும். போர்த்திட்டத்தை மட்டும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பழைய தளபதி மேலிடத்துக்கு எழுதிய ஆட்சேபங்களையும் கேட்டு வாங்குங்கள். கடற்படையை ஹவாயிலேயே நிறுத்துவது சரியல்ல என்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட்சன் 1940 அக்டோபரில் அதிபர் ரூஸ்வெல்ட்டிடமே சொன்னார். சில மாதங்களில் அவர் பதவி போனது. ஆள் போனாலும் ஆட்சேபம் கோப்பில் நிற்க வேண்டும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது தரைப்படையோடு செய்த ஏற்பாடுகளில்தான். ஹவாயில் ரிச்சர்ட்சனின் இடத்துக்கு வந்த கிம்மல் 1941 பிப்ரவரி 1 அன்றும், தரைப்படையின் ஷார்ட் பிப்ரவரி 7 அன்றும் பொறுப்பேற்றார்கள். இரண்டு நாற்காலியிலும் ஒரே வாரத்தில் புது ஆட்கள். இதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். தொலைதூர வான்தேடல் கடற்படைக்கு, தளத்தின் வான்காப்பு தரைப்படைக்கு என்று காகிதத்தில் ஒப்பந்தம் சுத்தமாக இருந்தது. விடியலில் வான்தாக்குதல் வரலாம் என்று மார்ச் 31 தேதியிட்ட கூட்டறிக்கையும் இருந்தது. ஆனாலும் ஹவாயின் பேர்ல் ஹார்பர் தளத்தை ஜப்பான் தாக்கிய டிசம்பர் 7 காலை வடக்குத் திசையில் தொலைதூரத் தேடல் விமானம் எதுவும் பறக்கவில்லை. ரேடாருக்கு விதித்த நேரமோ காலை 4 முதல் 7 வரைதான். ‘யார் பொறுப்பு?’ என்று கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். ‘இந்த நிமிடம் எந்தத் திசையில் எத்தனை விமானம் பறக்கிறது, ரேடார் எத்தனை மணிவரை ஓடும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நேரில் போய்ப் பாருங்கள்.

கூட இருக்கும் அதிகாரிகளை ஒரேயடியாக மாற்றாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஓரிருவரைக் கொண்டுவருவதில் தவறில்லை. ஜெல்லிகோவின் தலைமைப் பணி அதிகாரியாக வந்த மேடன் அவருக்குச் சகலை முறை. கிம்மலுக்குப் பின் தளபதியான நிமிட்ஸ் பேர்ல் ஹார்பர் அடிக்குப் பிறகு வந்தும் கிம்மலின் ஆட்களை, உளவு அதிகாரி லேட்டன் உட்பட, அப்படியே வைத்துக்கொண்டார்.

இடைக்காலத் தளபதி என்ற ஏற்பாடு ஆபத்தானது. கிம்மல் நீக்கப்பட்ட டிசம்பர் 17 முதல் நிமிட்ஸ் பொறுப்பேற்ற 31 வரை வில்லியம் பை என்ற அட்மிரல் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். ஜப்பானியத் தாக்குதலில் சிக்கியிருந்த அமெரிக்காவின் வேக் தீவுக்குப் போய்க்கொண்டிருந்த உதவிப்படையை அவர் திரும்ப அழைக்க, தீவு 23ஆம் தேதி விழுந்தது. அது சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும், இரண்டு வாரம் மட்டும் இருக்கப்போகிறவர் அடுத்தவர் கப்பல்களைப் பணயம் வைக்கத் துணிவது அரிது. இடைவெளி தவிர்க்க முடியாததென்றால், நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நடவடிக்கையையும் எந்த நிலையில் தொடரலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று மேலிடமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கட்டும்.

கொடி மாற்றம் சில நிமிட வேலை. பழையவர் கொடி இறங்கிப் புதியவர் கொடி ஏறியதும், பொறுப்பேற்ற மணியோடு எல்லா அணிகளுக்கும் சைகை அனுப்பி, ஒவ்வொன்றின் ஒப்புதலையும் பட்டியலில் குறியுங்கள். ரேடியோ மௌனத்தில் ரோந்து போன கப்பல்கள் பதில் அனுப்பாது. அவற்றின் பெயரைத் தனியே எழுதி வைத்து, துறைமுகம் திரும்பியதும் முதல் வேலையாகப் புதிய நிலையாணைகளைக் கையில் கொடுங்கள்.